அரைச்சவரத்தானின் பின்கதை

நகரின் நடுவில் நிற்கும் அரைச்சவரத்தான் சிலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை கன்னத்தில் மட்டும் வெள்ளையடிப்பார்கள். உடம்பு முழுக்க வெண்கலம். இடது கன்னத்து நுரை மட்டும் சுண்ணாம்பு. மழைக்காலத்தில் நுரை கரைந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்காமல் பார்த்துக்கொள்ள வரலாற்றுப் படங்களைக் காக்கும் அரசு வாரியத்தில் தனியாக ஓர் அலுவலர் உண்டு. அவருக்கு வேறு வேலை கிடையாது. மழைக்காலத்தில் அவர் விடுப்பில் இருப்பார்.

சிலைக்கு மூலம் ஒரு புகைப்படம். அதைப் பார்க்காதவர் நாட்டில் இல்லை. பாடப்புத்தக அட்டையில், தபால்தலையில், தீப்பெட்டியில்கூட அது உண்டு. ஒரு குறுகிய தெரு. வலது பாதியை அடைத்துக்கொண்டு ஒரு ராணுவ லாரி. அதன் முகப்புக்கு நேராக ஒரு மனிதன். ஒரு கன்னம் மழித்திருக்கிறது, மறு கன்னத்தில் நுரை. கழுத்தில் கட்டிய துண்டு காற்றில் எழும்பியிருக்கிறது. வலது கை மேலே. வாய் திறந்திருக்கிறது. அவனுக்குப் பின்னால் ஒரு சலூன் வாசல். அங்கே சவரக்கத்தி பிடித்த ஒரு கை, முழங்கைவரை.

படம் எடுத்த அதே வாரம் பழைய ஆட்சி போய்விட்டது. ஆகவே லாரி அந்த மனிதனுக்கு முன்னால் நின்றுவிட்டது என்று நாடு முடிவு செய்தது. படத்திலும் லாரி நின்றுதான் இருந்தது. புகைப்படத்தில் எல்லா லாரியும் நின்றுதான் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

கத்தி பிடித்த கை சலூன்காரருடையது. ஓடியவன் அவருடைய அண்ணன்.

அண்ணன் ஓடியது சைக்கிளுக்காக. சைக்கிள் அண்ணியுடையது, அதில்தான் அவள் ஆலைக்குப் போய்வருவாள். விடுமுறை நாளில் அண்ணன் அதை இரவல் கேட்டபோது, தெருவே கேட்கும்படி வாசலில் நின்று, "ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுப் படி ஏறக் கூடாது, சொல்லிட்டேன்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அண்ணன் அதை சலூனுக்கு வெளியே விளக்குக் கம்பத்தில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பாதிச் சவரத்தில் லாரி தெருவுக்குள் திரும்பியது. கம்பத்தை உரசிக்கொண்டு அது வருவதைக் கண்ணாடியில் பார்த்தான். கத்திக்கு அடியிலிருந்து முகத்தை உருவிக்கொண்டு, "சைக்கிள்! சைக்கிள்!" என்று கத்தியபடி பாய்ந்தான். கத்தி சலூன்காரர் கையிலேயே நின்றது.

படத்தின் இடது ஓரத்தில் சைக்கிளின் மணி மட்டும் விழுந்திருக்கிறது. வாரியம் அதற்கு விடுதலை மணி என்று பெயர் வைத்தது. பிறகு ஓர் உதட்டு நிபுணரை அழைத்து, அந்த வாய் என்ன சொல்கிறது என்று ஆராயச் சொன்னது. அவர் நெடுநாள் ஆராய்ந்து, முதல் எழுத்து 'சை' என்று கண்டுபிடித்தார். அது சரிதான். படம் அத்தோடு நின்றுவிட்டதால் அவரும் அத்தோடு நிறுத்திக்கொண்டார். கொடுங்கோன்மையைப் பார்த்து ஒரு குடிமகன் "சை!" என்று சொன்னான், அந்த ஓரெழுத்தில் ஒரு தேசத்தின் அருவருப்பு முழுக்க அடங்கியிருக்கிறது என்று வாரியம் அறிவித்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடங்களில் காலையில் பிள்ளைகள் வலது கையைத் தூக்கி "சை!" என்கிறார்கள்.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அண்ணன் திரும்பி வரவில்லை.

சலூன்காரரால் அன்று வாசலைத் தாண்டவே முடியவில்லை. தெருவிலிருந்த கூட்டம் கடைக்குள் பாய்ந்து அவரைக் கண்ணாடியோடு வைத்து நசுக்கியது. ஒருவழியாக வெளியே வந்தபோது லாரி இல்லை, அண்ணன் இல்லை. சைக்கிள் மட்டும் முன்சக்கரம் கோணிக் கிடந்தது. அண்ணி அதை நிமிர்த்தி வாங்கி, வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதிலேயே போய்வந்தாள். இப்போது கடைக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறாள். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றும் போய்க்கொண்டிருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் கேட்பது ஒன்றுதான். அதை அவள் அழுதுகொண்டு கேட்பதில்லை. பால் வந்துவிட்டதா என்பதுபோலத்தான் கேட்பாள்.

"ஓடினாரா தம்பி, லாரில ஏத்தினாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"ஏத்திட்டாங்கன்னா செத்திருப்பாரு. அழுதுட்டுப் போயிடலாம். சைக்கிள் நசுங்கினதைப் பார்த்துட்டு, இவ மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு ஓடிப்போயிருந்தார்னா, எங்கயோ ஒரு ஊர்ல பாதிச் சவரத்தோட உட்கார்ந்திருப்பாரு. அந்த ஆளைத் திட்டுறதா, திவசம் குடுக்கிறதான்னு தெரியாம நான் எவ்வளவு நாள் இருக்கிறது?"

அந்தப் படத்தை எடுத்தவர் ஒருமுறை சலூனுக்குச் சவரத்துக்கு வந்திருந்தார். "அதுக்கப்புறமும் ஒண்ணு எடுத்தேன். கூட்டம் தள்ளுறதுக்குள்ள ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் செத்த பிறகு படச்சுருள் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த இன்னொரு படத்தில் பதில் இருந்தது. அண்ணியின் இரண்டாவது கண் போவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வாரியத்துக்குக் கிளம்பினார்.

வரலாற்றுப் படங்களின் பின்கதை வாரியம் ஓர் ஏழடுக்குக் கட்டடம். ஒவ்வொரு புகழ்பெற்ற படத்துக்கும் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும், இருக்கும் கதை ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். கீழ்த்தளத்தில் விசாரணைப் பிரிவு. அங்கிருந்த அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்?"

"அரைச்சவரத்தான் படத்துக்குப் பின்னால என்ன நடந்துச்சுன்னு தெரியணும்மா."

அம்மாளின் முகம் மலர்ந்தது. பின்னலைக் கீழே வைத்தார். "அதுக்குத்தானே நாங்க இருக்கோம்! உட்காருங்க" என்று சொல்லி எழுந்து நின்று, அங்கீகரிக்கப்பட்ட பின்கதையை மனப்பாடமாகச் சொன்னார். வீரன் சவரம் செய்துகொண்டிருந்தான், தாய்நாட்டின் முகத்தில் பாதி இருண்டிருக்கத் தன் முகம் முழுதும் ஒளிரலாமா என்று நினைத்தான், எழுந்தான், "சை" என்றான். சொல்லி முடித்ததும் அம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நல்லா இருக்கும்மா. நான் கேட்டது இது இல்ல. பின்னால."

"ஓ, பின்னாலயா? முதல்லயே சொல்றதில்லையா?"

அவர் இரண்டு ஊழியர்களைக் கூப்பிட்டு, கூடத்தில் மாட்டியிருந்த பெரிய படத்தைக் கழற்றித் திருப்பச் சொன்னார். பின்புறம் அட்டை, துருப்பிடித்த ஆணி, ஒரு சிலந்திவலை. சலூன்காரர் மரியாதைக்காகச் சிறிது நேரம் பார்த்தார்.

"இதுவும் இல்லீங்க. இதுக்குப் பின்னால."

ஊழியர்கள் படத்தை நகர்த்தினார்கள். சுவரில் ஈரம் ஒரு பூசணிக்காய் அளவுக்குப் படர்ந்திருந்தது.

"இதுக்கும் பின்னால ஆம்பளைங்க கழிப்பறை" என்றார் ஒருவர். "பார்க்கணுமா?"

சலூன்காரர் கும்பிட்டார். "ஐயா, அந்த நொடி முடிஞ்சதும் அந்த மனுஷன் என்ன ஆனாரு? அதான் பின்னால. அப்புறம்."

அம்மாள் பின்னலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அப்புறம் என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை போலிருந்தது. அவரை மூன்றாம் தளத்துக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் தளத்தில் பின்கதை அலுவலர் இருந்தார். மெலிந்தவர். பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடிப்பவர்.

"நீங்க கேட்கிறது பின்கதை இல்ல. அப்புறக்கதை. அதுக்கு இங்க துறை கிடையாது."

"ஏங்க?"

"வரலாறுங்கிறது அந்த நொடி. அப்புறம் நடக்கிறதெல்லாம் குடும்ப விஷயம்."

"அவரு என் அண்ணன்ங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். குடும்ப விஷயம்." தண்ணீர் குடித்தார். "தனிமனிதர்கள் கேட்டா மூலப்படத்தைக் காட்ட முடியாது. படத்துல இருக்கிறவங்க கேட்டா வேற. நீங்க படத்துல எங்க இருக்கீங்க?"

"வாசல்ல ஒரு கை இருக்குல்ல? அது என்னோடதுங்க."

அலுவலர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. கையை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அளந்தார்கள். படத்திலிருக்கும் கையைப் பெரிதாக்கிப் பக்கத்தில் பிடித்தார்கள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மச்சம் இரண்டிலும் இருந்தது. ஒரு மருத்துவர் வந்து கை உயிரோடு இருக்கிறது என்று சொன்னார். அன்று மாலை சலூன்காரரின் வலது கை, முழங்கைவரை, வரலாற்றுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

"மீதி?" என்று கேட்டாள் அண்ணி, அவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது.

"மீதி சாதாரண ஆளாம்."

"அப்ப இனிமே கடைக்கண்ணிக்குப் போகச்சொன்னா யாரைப் போகச்சொல்றது? பை தூக்குறது வரலாறாச்சே."

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. ஆண்டு விழாவுக்குக் கைக்கு அழைப்பு வந்திருக்கு. விழா முடிஞ்சதும் மூலப்படத்தைக் காட்டுவாங்களாம்."

"யாருக்கு? கைக்கா?"

அந்தச் சிக்கல் வாரியத்துக்கும் எழுந்திருந்தது. பார்க்கும் உரிமை கையுடையது. கைக்குக் கண் கிடையாது. இரண்டு கூட்டம் போட்டுப் பேசி, கைக்குத் துணையாக ஒரு கண்ணை அனுமதிப்பது என்று தீர்மானித்தார்கள். இரண்டு கண் கேட்டால் அது துணை ஆகாது, கும்பல் ஆகிவிடும் என்றார் இயக்குநர்.

விழா மேடையில் அந்தத் தெருவை அட்டையில் செய்து நிறுத்தியிருந்தார்கள். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திரை, அதில் ஓர் ஓட்டை. சலூன்காரரைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்து, கையை மட்டும் ஓட்டை வழியாக வெளியே நீட்டச் சொன்னார்கள். பாதுகாப்பு கருதி கத்தியும் அட்டைதான். அண்ணனாக நடிக்க ஓர் இளைஞன் வந்திருந்தான். ஓடிவந்து, சாக்பீஸ் கோட்டில் நின்று, கையைத் தூக்கி, "சை!" என்றான். அரங்கம் எழுந்து "சை!" என்றது. அவன் அப்படியே உறைந்து நின்றான். வரிசையில் வந்து எல்லோரும் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். திரைக்குப் பின்னால் சலூன்காரருக்குத் தோள் கடுத்தது. கையைச் சற்றுத் தாழ்த்தினார். யாரோ வெளியிலிருந்து அதைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார்கள்.

பிறகு இயக்குநர் பேசினார். கனமான, நல்ல குரல்.

"பலர் என்னிடம் கேட்கிறார்கள், அந்த வீரன் பிறகு என்ன ஆனான் என்று. நான் திருப்பிக் கேட்கிறேன்: அவன் ஏன் ஏதாவது ஆக வேண்டும்? உயிரோடு இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வயதாகும். பல் விழும். நம்மிடம் வந்து உதவித்தொகை கேட்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, மறு கன்னத்தையும் மழித்துக்கொள்வான்! அப்போது இந்தச் சிலையை நாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? சரி, இறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படி என்று கேட்பார்கள். யார் என்று கேட்பார்கள். அன்று அந்த லாரியை ஓட்டிய பெரியவர் இதோ இந்த மேடையில் நம்மைச் சிறப்பிக்க வந்திருக்கிறார். அவர் மனம் புண்படாதா? வீரன் வாழவும் வேண்டாம், சாகவும் வேண்டாம். நிற்கட்டும். நின்றால் போதும். அந்த நொடிக்குப் பின்னால் எதுவும் நடந்துவிடாமல் காப்பதுதான் இந்த வாரியத்தின் பணி."

கைதட்டல் அடங்க நேரம் ஆனது. ஓட்டையில் இருந்த கை மட்டும் தட்டவில்லை. தட்டுவதற்கு அதற்கு ஜோடி இல்லை.

லாரி ஓட்டிய பெரியவர் என்றது சலூன்காரர் காதில் விழுந்திருந்தது. கூட்டம் கலைந்ததும் திரையை விலக்கிக்கொண்டு ஓடினார். பெரியவர் நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்து, பொன்னாடையை அழகாக மடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அன்னைக்கு லாரி நின்னுச்சா?"

"படத்துல நின்னுதானே இருக்கு?"

"அது சரிங்கய்யா. பின்னால ஆளு யாரையாவது ஏத்தினாங்களா? துண்டு கட்டின ஆளு. பாதி சவரம்."

பெரியவர் அவரை அன்பாகப் பார்த்தார். "தம்பி, நான் டிரைவர். முன்னால மட்டும்தான் பார்ப்பேன். பின்னால என்ன ஏத்துறாங்க, என்ன இறக்குறாங்கன்னு பார்க்கிறவன் நல்ல டிரைவர் கிடையாது. ஒரு நாளும் ஒரு விபத்து இல்ல எனக்கு. அதுக்குத்தான் இந்த மாலை."

"கண்ணாடில கூடப் பார்க்கலீங்களா?"

"கண்ணாடியை மேல திருப்பி வச்சிருந்தேன். வெயில் அடிச்சுது."

பொன்னாடையைப் பைக்குள் வைத்து, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

மூலப்படம் ஏழாம் தளத்தில் இருந்தது. குளிரூட்டிய அறை, தரையில் சிவப்புக் கம்பளம், நடுவில் ஒரு மேசை, மேசைக்குள் விளக்கு. இயக்குநரே கையுறை போட்டுக்கொண்டு உறையிலிருந்து நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தின்மேல் வைத்தார். பின்கதை அலுவலர் பக்கத்தில் தண்ணீரோடு நின்றார். ஒரே ஒரு படம், ஓரங்களில் துளை வரிசையோடு, பிஸ்கட்டில் பாதி அளவு.

"சுருள்ல மத்ததெல்லாம்?" என்றார் சலூன்காரர்.

"எரித்துவிட்டோம். முறைப்படி, எல்லோரும் எழுந்து நின்று. முன்னாலும் வெட்டியாயிற்று, பின்னாலும் வெட்டியாயிற்று. ஒன்றே ஒன்று என்றால்தானே மதிப்பு?"

சலூன்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இடது கண்ணா, வலது கண்ணா?" என்று கேட்டார் அலுவலர்.

அவர் ஏதோ ஒரு கண்ணை உருப்பெருக்கியில் வைத்தார். மற்றொன்றை அலுவலர் உள்ளங்கையால் மூடினார்.

நெகட்டிவில் வெள்ளையெல்லாம் கறுப்பு, கறுப்பெல்லாம் வெள்ளை. நுரை கரிபோல அப்பியிருந்தது. அண்ணனின் கருகருவென்ற தலை நரைத்திருந்தது. இன்றைக்கு இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று சலூன்காரருக்குத் தோன்றியது. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார்.

அப்போதுதான் ஓரத்தைக் கவனித்தார். பின்பக்கம் வெட்டியவர் அவசரத்தில் கோணலாக வெட்டியிருக்கிறார். படம் முடிந்து, இடைவெளிக் கோடும் முடிந்து, அதற்கு அப்பால் நகக்கண் அகலத்துக்கு அடுத்த படத்தின் விளிம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதில் ஒரு கால். முழங்காலுக்குக் கீழே மட்டும். சங்கிலியில் சிக்காமல் இருக்க அண்ணன் மடித்து விடும் அதே பேண்ட் மடிப்பு. செருப்பு இல்லை. பாதத்துக்கும் தெருவுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. விரல்கள் கீழ்நோக்கி.

சலூன்காரர் வெகுநேரம் பார்த்தார். ஓடுகிறவனின் கால் அப்படித்தான் இருக்கும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கப்படுகிறவனின் காலும் அப்படித்தான் இருக்கும். இன்னும் ஒரு நூல் அகலம் இருந்திருந்தால் முழங்கால் மடங்கியிருக்கிறதா, தொங்குகிறதா என்று தெரிந்திருக்கும்.

"இங்க ஒரு கால் இருக்கு!" என்றார். தன்னை மறந்து கத்திவிட்டார்.

"எங்கே?" இயக்குநர் பதறிக் குனிந்தார். பார்த்தார். "இத்தனை வருஷமாக... யார் வெட்டியது இதை?" பிறகு நிமிர்ந்து சலூன்காரரின் தோளில் கைவைத்தார். "நீங்கள் இந்த நாட்டுக்குச் செய்த சேவையை நாங்கள் மறக்க மாட்டோம்."

அலுவலர் கத்தரிக்கோலை நீட்டினார். சலூன்காரர் "ஐயா" என்று வாயெடுப்பதற்குள் விளிம்பு போய்விட்டது. வெட்டிய துணுக்கு மேசைமேல் சுருண்டு விழுந்தது. இயக்குநர் அதைத் தூசியை ஊதுவதுபோல ஊதினார். அது கம்பளத்தில் எங்கோ விழுந்தது.

சலூன்காரர் மண்டியிட்டார். தடவித் தேடக் கையை நீட்டினார். அலுவலர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தரையில படக் கூடாது! வரலாற்றுச் சொத்து!"

இடது கையால் தேடினார். இடது கைக்கு அந்த அறையில் அனுமதி இல்லை. இருவர் வந்து அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். லிஃப்ட் வரை அவருடைய கால் தரையில் படவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி கடையில் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, துவைத்த துண்டுகளைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டாள்.

"கை வந்துடுச்சா?"

அவர் சவர நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி அடுத்த துண்டை எடுத்தாள். தெருக்குழாயில் யாரோ குடத்தை வைத்து நிரப்புவது கேட்டது. குடம் நிரம்பி வழிந்தது; குழாயை மூடினார்கள்.

"பார்த்தியா தம்பி?"

"பார்த்தேன். ஒரு கண்ணாலதான் பார்க்க விட்டாங்க."

"எனக்கும் ஒண்ணுதான். சொல்லு."

"முழுசா இல்ல அண்ணி. ஒரு ஓரம்தான் இருந்துச்சு. கால் மட்டும்."

அண்ணியின் கை துண்டின்மேல் நின்றது. "ஓடினாரா, ஏத்தினாங்களா?"

"தெரியல. கால் தரையில இல்ல."

அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மூக்கால் சிரித்தாள்.

"அந்த மனுஷனுக்கு என்னைக்குத் தம்பி கால் தரையில பாவுச்சு?"

அவரும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"பேண்ட் மடிச்சிருந்துச்சா?" என்று கேட்டாள்.

"மடிச்சிருந்துச்சு."

"அப்ப சைக்கிள்லயே திரும்பி வர்ற எண்ணம்தான்."

அண்ணன் சைக்கிளைத் தொடாத நாளிலும் அந்த மடிப்பைப் பிரித்ததில்லை. தூங்கும்போதும் அது மடித்தே இருக்கும். இது சலூன்காரருக்குத் தெரியும். தனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்காது என்றும் தெரியும். அவர் சொல்லவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. துண்டை நான்காக மடித்து, ஓரத்தை விரலால் நீவி, அடுக்கின்மேல் வைத்தாள்.

"ஒரு தடவை நானே பார்த்திருக்கலாம்" என்றாள். "இருக்கா இன்னும்?"

"வெட்டிட்டாங்க."

அண்ணி தலையை ஆட்டினாள். கூடையில் கைவிட்டுத் துழாவினாள்; அது காலியாகியிருந்தது. அடுக்கிலிருந்து மேல் துண்டை எடுத்து உதறி, மறுபடியும் முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.

தெருக்கோடிப் பள்ளிக்கூடம் விடும் நேரம். வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் வழக்கம்போலக் கடைவாசலில் நின்று, வலது கையைத் தூக்கி, ஒரே குரலில் "சை!" என்றார்கள்.

"க்கிள்" என்றாள் அண்ணி.